சிறுமலரின் கிறிஸ்துமஸ் இரவுகள்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளி வளாகத்திற்கே ஒரு தனி அழகு வந்துவிடும். சிற்றாலயத்தின் முன் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு குடில் எழும்பும். வராந்தா முழுவதும் வண்ணத்தாள் நட்சத்திரங்கள் தொங்கும். மாலை மணி அடித்ததும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களின் ஒத்திகை தொடங்கும். அரையாண்டுத் தேர்வின் பயத்தைக்கூட அந்தப் பாடல்கள் சற்றே மறக்கச் செய்யும்.

ஆனால் கடந்த டிசம்பரில் எங்கள் வகுப்பில் அந்த மகிழ்ச்சி குறைந்திருந்தது. எங்கள் தோழியருள் ஒருத்தி நவம்பர் மாதத்தில் தன் தாயை இழந்திருந்தாள். ஒத்திகைக்குத் தவறாமல் வருவாள். பாட்டின் நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுந்து வெளியே சென்று தூணருகே நிற்பாள். அவளிடம் என்ன பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கூறலாமா, கூடாதா என்பதுகூடத் தெரியவில்லை. வீட்டில் துக்கம் இருக்கும்போது விழா எதற்கு என்று எங்களுள் சிலர் மறைக்கல்வி வகுப்பில் கேட்டும்விட்டோம்.

எங்கள் மறைக்கல்விச் சகோதரி அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லவில்லை. நூலகத்திலிருந்து புனித குழந்தை தெரேசாளின் வரலாற்றை எடுத்து வந்து எங்கள் கையில் கொடுத்தார்கள். அவருடைய வாழ்வில் வந்த கிறிஸ்துமஸ் நாட்களை மட்டும் தேடிப் படித்து வாருங்கள் என்றார்கள். அப்படி நாங்கள் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

தாயை இழந்த குழந்தை

பிரான்சு நாட்டின் வடமேற்கே நார்மண்டிப் பகுதியில் அலான்சோன் என்ற ஊர் உள்ளது. அங்கே லூயி மார்ட்டின் என்பவர் கடிகாரத் தொழில் செய்து வந்தார். அவருடைய மனைவி ஜெலி அம்மையார் அவ்வூருக்குப் புகழ் தந்த லேஸ் பின்னல் தொழிலைத் திறம்பட நடத்தி வந்தார். இவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சியவர் மரி, போலின், லெயோனி, செலின், தெரேசாள் என்னும் ஐந்து பெண்கள். 1873-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பிறந்த கடைக்குட்டிதான் தெரேசாள்.

மழலைப் பருவத்தில் தெரேசாள் துறுதுறுப்பான குழந்தை, பிடிவாதமும் உண்டு. ஆனால் 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் ஜெலி அம்மையார் மார்புப் புற்றுநோயால் இறந்தபோது எல்லாம் மாறிவிட்டது. அப்போது தெரேசாளுக்கு நான்கரை வயதுதான். துள்ளித் திரிந்த குழந்தை வாயடைத்துப் போனாள். யாராவது உற்றுப் பார்த்தாலே கண்ணீர் வந்துவிடும். அக்காள் போலினையே தன் இரண்டாம் தாயாக ஏற்றுக்கொண்டாள்.

அந்த ஆண்டு நவம்பரில் குடும்பம் லிசியே என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. தாய்மாமன் அங்கு மருந்துக்கடை வைத்திருந்தார். தாயில்லாப் பிள்ளைகளுக்கு மாமன் வீடு அருகில் இருப்பது நல்லது என்று தந்தை எண்ணினார். எட்டரை வயதில் தெரேசாளை ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் பள்ளியில் சேர்த்தார்கள். தன்னைவிட மூத்த மாணவியர் நிறைந்த வகுப்பில் அவள் முதலாவதாக வந்தாள். அதனால் பொறாமை கொண்ட ஒருத்தி அவளைத் துன்புறுத்தினாள். தெரேசாளுக்குத் திருப்பிப் பேசத் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் அழுவாள். ஒரு பெரிய புனிதை பள்ளிக்கூடத்தை வெறுத்தார் என்று படித்தபோது எங்களுக்கு வியப்பாகவும், உண்மையைச் சொன்னால் ஆறுதலாகவும் இருந்தது.

1882 அக்டோபரில் போலின் லிசியேவிலிருந்த கார்மேல் மடத்தில் சேர்ந்தாள். இரண்டாம் தாயையும் இழந்துவிட்டதாகக் குழந்தை நினைத்தாள். மறு ஆண்டு மார்ச்சு மாதம் கடும் நோயில் விழுந்தாள். உடல் நடுங்கியது, இல்லாதவற்றைக் கண்டு அலறினாள், மருத்துவருக்கும் நோய் புரியவில்லை. 1883 மே 13-ஆம் நாள், அக்காமார் தேவதாயின் சுரூபத்தின் முன் மண்டியிட்டு மன்றாடிக்கொண்டிருந்தபோது, அன்னை தன்னைப் பார்த்துப் புன்னகை புரிவதைத் தெரேசாள் கண்டாள், நோய் நீங்கியது.

நோய் போயிற்றே தவிர, அழுகை போகவில்லை. 1886 அக்டோபரில் மூத்தவள் மரியும் மடம் புகுந்தாள். சிறு காரியத்திற்கும் தெரேசாள் அழுவாள். அழுது முடித்தபின், அழுதுவிட்டோமே என்று மீண்டும் அழுவாள். இந்தக் குணத்தோடு கார்மேல் மடத்தின் கடுமையான வாழ்வை எப்படித் தாங்குவாள்?

1886: மாடிப்படியில் ஒரு கணம்

1886-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. தெரேசாளுக்குப் பதினான்கு வயது நிறைய இன்னும் எட்டு நாட்களே இருந்தன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து தந்தையும் பிள்ளைகளும் வீடு திரும்பினர்.

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் இரவில் குழந்தைகள் தங்கள் காலணிகளைக் கணப்பின் அருகே வைப்பார்கள். பெரியவர்கள் அவற்றில் பரிசுப் பொருள்களை மறைத்து வைப்பார்கள். அந்த வீட்டில் தெரேசாள் கடைக்குட்டி என்பதால், வளர்ந்த பின்னும் அவளுக்கு மட்டும் இவ்வழக்கம் தொடர்ந்து வந்தது. அவள் ஒவ்வொரு பரிசாக எடுத்துக் குதூகலிப்பதைப் பார்ப்பதில் தந்தைக்கும் பெரும் மகிழ்ச்சி.

அன்று அவர் களைத்திருந்தார். வயது 63. தெரேசாள் தொப்பியைக் கழற்றி வைக்க மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தபோது, இந்தச் சிறுபிள்ளை விளையாட்டு இந்த ஆண்டோடு முடிகிறதே, நல்லது என்று அவர் சலிப்போடு கூறியது அவள் காதில் விழுந்தது. அது ஊசிபோல் தைத்தது. கண்கள் நிறைந்தன. உடன் வந்த செலின் அதைக் கண்டுவிட்டாள். இப்போது கீழே போகாதே, போனால் அழுதுவிடுவாய் என்று தங்கையைத் தடுத்தாள்.

முந்தைய ஆண்டுகளாயிருந்தால் அப்படித்தான் நடந்திருக்கும். அந்த இரவு முழுவதும் அழுகையில் போயிருக்கும். தந்தையும் மனம் நொந்திருப்பார். ஆனால் அன்று தெரேசாள் கண்ணீரை உள்ளே விழுங்கினாள். படபடத்த நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு படியிறங்கினாள். தந்தையின் முன் அமர்ந்து, காலணியிலிருந்து ஒவ்வொரு பரிசாக எடுத்துச் சிரித்த முகத்தோடு காட்டினாள். தந்தை தம் களைப்பை மறந்து சிரித்தார். செலினால் தன் கண்களையே நம்ப முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஊரார் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரேசாள் பிற்காலத்தில் இந்த இரவையே தம் மனமாற்றத்தின் இரவு என்று குறித்து வைத்தார். தாயார் இறந்த நாளில் தாம் இழந்த மனவலிமையை அந்த இரவில் திரும்பப் பெற்றதாகவும், இத்தனை ஆண்டு முயன்றும் தம்மால் ஆகாததை இயேசு ஒரு கணத்தில் செய்து முடித்ததாகவும் அவர் நம்பினார். எல்லாம் வல்ல இறைவன் நமக்காகப் பலமற்ற பாலனாய்ப் பிறந்த இரவிலே, பலமற்ற தமக்கு அவர் பலம் தந்தார் என்பதே அவர் கண்ட பொருள்.

பிறருக்காகத் துடித்த உள்ளம்

தன் துயரையே நினைத்திருந்த சிறுமி இப்போது பிறரை நினைக்கத் தொடங்கினாள். 1887-இல் பாரிசு நகரில் மூவரைக் கொலை செய்த பிரான்சினி என்பவனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவன் மனந்திரும்பவில்லை என்று நாடே பேசியது. தெரேசாள் அவனுக்காக மன்றாடினாள். செலின் வழியாகத் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கச் செய்தாள். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவன் கொல்லப்பட்டான். கடைசி நொடியில் பாடுபட்ட சுரூபத்தை வாங்கி முத்தமிட்டான் என்று செய்தித்தாளில் படித்த தெரேசாள் ஆனந்தக் கண்ணீர் வடித்தாள்.

அதே ஆண்டு மே மாதம், பரிசுத்த ஆவியின் திருநாளன்று, தானும் கார்மேல் மடத்தில் சேர விரும்புவதைத் தந்தையிடம் கூறினாள். தந்தை மறுக்கவில்லை. சுவரோரம் பூத்திருந்த சிறிய வெண்மலர் ஒன்றை வேரோடு எடுத்து மகளிடம் கொடுத்து, இறைவன் அதைக் காத்து வளர்த்த அருமையை விளக்கினார். தெரேசாள் அந்த மலரில் தன்னையே கண்டாள். இன்று தமிழகத்தில் எத்தனையோ பள்ளிகள் தாங்கி நிற்கும் சிறுமலர் என்னும் பெயருக்குப் பின்னால் அந்த மாலை வேளை இருக்கிறது.

ஆனால் பதினைந்து வயதுகூட நிறையாத பெண்ணைக் கார்மேல் மடத்தில் சேர்க்க மேலதிகாரிகள் இசையவில்லை. பெரியவளாய்த் தெரியவேண்டும் என்று கூந்தலை உயர்த்தி முடிந்துகொண்டு, பாயே நகரில் ஆயரைக் கண்டாள். அவரும் உடனே அனுமதி தரவில்லை. தந்தையோடு உரோமைக்குத் திருப்பயணம் சென்று, நவம்பர் 20-ஆம் நாள் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் பாதத்தில் மண்டியிட்டாள். பேசக்கூடாது என்ற உத்தரவையும் மீறித் தன் விருப்பத்தைக் கேட்டாள். இறைவனுக்குச் சித்தமானால் நடக்கும் என்ற பதிலே கிடைத்தது. காவலர்கள் அவளைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று.

1887: வராத கடிதம்

மனமாற்றம் நிகழ்ந்த கிறிஸ்துமஸின் ஆண்டு நிறைவில் மடம் புகவேண்டும் என்பது தெரேசாளின் ஆசை. ஊர் திரும்பியதும் ஆயருக்குக் கடிதம் எழுதினாள். பிறகு நாள்தோறும் காலைத் திருப்பலி முடிந்ததும் தந்தையோடு தபால் நிலையம் செல்வாள். பதில் இல்லை. கிறிஸ்துமஸ் வந்துவிட்டது, கடிதம் வரவில்லை.

அந்த நள்ளிரவுத் திருப்பலியில் தெரேசாள் கண்ணீரோடுதான் நின்றாள். இதைப் படித்தபோது நாங்கள் சற்று நிதானித்தோம். சென்ற ஆண்டு வலிமை பெற்றவள் இந்த ஆண்டு அழலாமா? அழலாம் என்றே தோன்றுகிறது. கல்லாகிப் போவது வலிமை ஆகாது. அழுதபடியே அவள் திருப்பலிக்குச் சென்றாள் என்பதுதான் நாங்கள் கவனித்தது.

வீடு திரும்பிய அவளுக்கு அறையில் ஒரு வியப்புக் காத்திருந்தது. செலின் ஒரு நீர்த்தட்டில் சிறு படகொன்றை மிதக்கவிட்டிருந்தாள். படகில் பாலன் இயேசு உறங்கிக்கொண்டிருந்தார். அருகில் ஒரு சிறு பந்து. தெரேசாள் தன்னைப் பாலன் இயேசுவின் விளையாட்டுப் பந்தாக ஒப்புக்கொடுத்திருந்தாள். இப்போது பாலன் விளையாட்டை நிறுத்தி உறங்குகிறார், பந்தை மறந்துவிடவில்லை, காத்திரு என்பதே அக்காள் சொல்லாமல் சொன்ன செய்தி. வார்த்தையால் தேற்ற முடியாத இடத்தில் இப்படி ஒரு செயலால் தேற்றலாம் என்பதை நாங்கள் செலினிடம் கற்றோம்.

புத்தாண்டு தினத்தில் ஆயரின் அனுமதி வந்த செய்தி கிடைத்தது. ஆயினும் தவக்காலம் கழியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1888 ஏப்ரல் 9-ஆம் நாள் தெரேசாள் மடத்து வாசலைக் கடந்தார்.

மடத்தின் மதிலுக்குள்

குழந்தை இயேசுவின் தெரேசாள் என்பதே மடத்தில் அவர் பெயர். 1889 ஜனவரி 10-ஆம் நாள் துறவு உடை பெற்றபோது, அவர் ஆசைப்பட்டபடியே வெண்பனி பெய்திருந்தது. தந்தையும் வந்து மகளைக் கட்டித் தழுவினார். அதுவே அவர்கள் சேர்ந்து கண்ட கடைசி விழா.

ஒரு மாதத்தில் இடி விழுந்தது. தந்தையின் மூளை பாதிக்கப்பட்டு, பிப்ரவரி 12-ஆம் நாள் அவரைக் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் சேர்த்தனர். மகள்கள் ஒவ்வொருவராய் மடம் சென்றதுதான் காரணம் என்று ஊர் பேசியது. கடைக்குட்டி சென்றதே அவரை வீழ்த்தியது என்றும் பேசினர். அந்தப் பேச்சு மதிலைத் தாண்டித் தெரேசாளின் காதிலும் விழுந்தது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளோடு அவர்கள் வாழ்ந்த வாடகை வீட்டின் ஒப்பந்தமும் முடிந்துபோயிற்று. காலணிகள் வைத்த கணப்பும், கண்ணீரை விழுங்கிய மாடிப்படியும் வேறொருவருக்காயின. தந்தை மருத்துவமனையில், வீடு பிறர் கையில். அந்தக் கிறிஸ்துமஸில் அவருக்கு வயது பதினாறு. எங்களைவிட ஒரே வயது மூத்தவர்!

1891-ஆம் ஆண்டின் இறுதியில் விஷக்காய்ச்சல் மடத்தைத் தாக்கியது. ஏறக்குறைய அனைவரும் படுத்துவிட்டனர். தெரேசாளும் இன்னும் இரு இளங்கன்னியரும் மட்டுமே நடமாட முடிந்தது. 1892 ஜனவரி 2, தெரேசாளின் பத்தொன்பதாம் பிறந்தநாள். அன்று ஒரு முதிய சகோதரி இறந்தார். சில நாட்களுக்குள் மூவர் மறைந்தனர். இளையவரான தெரேசாளே நோயாளிகளைக் கவனித்தார், இறப்போர் அருகில் இருந்தார், இறந்தோரை அடக்கத்திற்கு ஆயத்தம் செய்தார். சிறு காரியத்திற்கெல்லாம் அழுத பெண் இவர்தானா என்று கேட்கத் தோன்றுகிறது.

1894 ஜூலை 29-ஆம் நாள் தந்தை இறந்தார். செப்டம்பரில் செலினும் அதே மடத்தில் சேர்ந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தெரேசாள் குடிலைச் சூழ்ந்து நிற்கும் வானதூதரைப் பற்றி ஒரு சிறு நாடகம் எழுதிச் சகோதரிகளை நடிக்கச் செய்தார். அந்தக் குளிர்காலத்தில்தான், அப்போது மடத்துத் தலைவியாயிருந்த போலின், தங்கையின் இளமை நினைவுகளை எழுதும்படி பணித்தார். பின்னாளில் உலகெங்கும் பரவிய ஓர் ஆன்மாவின் வரலாறு என்னும் நூல் இப்படித் தொடங்கிற்று.

1896: இருளில் ஒரு கிறிஸ்துமஸ்

1896-ஆம் ஆண்டு புனித வாரத்தில் தெரேசாள் முதன்முறையாக இரத்தம் உமிழ்ந்தார். காசநோய். அதைவிடக் கொடியது அடுத்துவந்த சோதனை. உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் அவர் உள்ளத்தில் அடர்ந்த இருள் கவிந்தது. விண்ணகம் என்ற நினைவே இன்பமாயிருந்தவருக்கு, அப்படி ஒன்று உண்டா என்ற ஐயம் இரவும் பகலும் எழுந்தது. சாகும்வரை, ஏறத்தாழ பதினெட்டு மாதங்கள், அந்த இருள் விலகவில்லை.

இந்நிலையில்தான் அவருடைய கடைசிக் கிறிஸ்துமஸ் வந்தது. அவர் என்ன செய்தார்? மடத்தைப் பாலன் இயேசுவின் பறவைக்கூண்டாகவும் கன்னியரைப் பறவைகளாகவும் கற்பனை செய்து, சகோதரிகள் மகிழ ஒரு பாடல் எழுதினார். குழந்தையுள்ளம் கொண்ட ஓர் இளங்கன்னிக்குப் பாலன் இயேசுவே எழுதியதுபோல ஒரு விளையாட்டுக் கடிதம் எழுதினார். தமக்குள் விளக்கு அணைந்திருந்த நேரத்தில் மற்றவர்களுக்கு விளக்கேற்றி வைத்தார். உடனிருந்த பலருக்கு அவர் பட்ட வேதனை தெரியவே தெரியாது.

இங்கேதான் பத்தாண்டுகளுக்கு முந்தைய அந்த மாடிப்படி எங்களுக்கு விளங்கிற்று. அன்று நெஞ்சை அழுத்திக்கொண்டு படியிறங்கி, களைத்த தந்தையைச் சிரிக்க வைத்த சிறுமிதான், இன்றும் அதே காரியத்தைச் செய்கிறார். துன்பம் சிறியதிலிருந்து பெரியதாயிற்று. அன்பும் அதோடு வளர்ந்தது.

1897 செப்டம்பர் 30-ஆம் நாள், தமது 24-ஆம் வயதில் அவர் இறந்தார். மறு ஆண்டு அவருடைய நூல் 2,000 படிகள் அச்சாயிற்று. 1925 மே 17-ஆம் நாள் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதை என்று அறிவித்தார். மடத்தைவிட்டு வெளியே செல்லாத அவர், 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். 1997-இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநருள் ஒருவராக உயர்த்தினார். அவருடைய தாயும் தந்தையும் 2015-இல் புனிதர் நிலை பெற்றனர்.

எங்களுக்குக் கிடைத்த விடை

துக்க வீட்டில் விழா எதற்கு என்று கேட்டோம் அல்லவா? துக்கமே இல்லாத வீட்டில்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடலாம் என்றால், தெரேசாள் பெரும்பாலும் கொண்டாடியிருக்கவே முடியாது. முதல் கிறிஸ்துமஸும் அப்படிப்பட்டதுதானே! சத்திரத்தில் இடமில்லை, பேறுகாலத்தில் ஒரு தாய்க்கு மாட்டுத் தொழுவமே கிடைத்தது, அங்குதான் மீட்பர் பிறந்தார். துன்பமுள்ள இடத்திற்கே அவர் தேடி வருகிறார் என்றால், துக்க வீட்டுக் கதவை நாம் ஏன் அடைக்கவேண்டும்?

புத்தகத்தைப் படித்து முடித்த அன்று மாலையும் எங்கள் தோழி ஒத்திகையின் நடுவே எழுந்து சென்றாள். இம்முறை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. நாங்களும் எழுந்து சென்று அவளருகில் நின்றோம். எங்களிடம் செலினின் படகு இல்லை. ஆறுதல் சொல்ல நல்ல வார்த்தையும் கிடைக்கவில்லை. சிறிது நேரம் எல்லோரும் பேசாமல் நின்றோம். பிறகு, குடிலுக்கு நட்சத்திரம் ஒட்ட உயரமான ஆள் வேண்டும், நீ வருகிறாயா என்று ஒருத்தி கேட்டாள். அவள்தான் எங்கள் வகுப்பிலேயே உயரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நட்சத்திரத்தை ஒட்டினாள். அது சற்றுச் சாய்ந்தே நின்றது, யாரும் திருத்தவில்லை.

கிறிஸ்துமஸ் நாளன்று தன் தம்பிக்குத் தானே பலகாரம் செய்து கொடுத்ததாக அவள் ஜனவரியில் எங்களிடம் சொன்னாள். முறுக்குக் கருகிவிட்டதாம், ஆனாலும் தம்பி சிரித்தானாம். அவளது சம்மதம் பெற்றே இதை எழுதுகிறோம்.

அன்புத் தங்கையரே, தோழியரே! அடுத்த கிறிஸ்துமஸ் வரும்போது உங்களுள் யாருக்கேனும் மனம் கனத்திருக்கலாம். நோயாலோ, வறுமையாலோ, பிரிவாலோ வீடு இருண்டிருக்கலாம். அழுகை வந்தால் அழுங்கள், சிறுமலரும் அழுதவரே. பிறகு, கீழே உங்களுக்காகக் காத்திருப்பவர் யார் என்று எண்ணிப் பார்த்து, ஒரு படி இறங்குங்கள். அவருக்குப் பலம் தந்த பாலன் நமக்கும் தருவார்.

புனித குழந்தை தெரேசாளே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!

— பத்தாம் வகுப்பு மாணவி